நாலு பேர் என்றால் நாலு பேர்

ஷ்வேடகோன் பகோடாவின் தெற்குப் படிக்கட்டுக்குக் கீழே அன்று காலை நின்றிருந்தவர்கள்:

பழுப்புத் தோல் பூட்ஸ். நெட்டையான ஆண், வாயில் பைப்.

சாம்பல் நிறக் காலணி, பக்கத்தில் பட்டன் வரிசை. பழுப்பு பூட்ஸின் மனைவி. தலையில் பெரிய தொப்பி, தொப்பியிலிருந்து கழுத்து வரை தூசிக்கு வலை.

கறுப்பும் வெள்ளையும் கலந்த காலணி. தடித்த ஆண். கப்பல் ஏறியதிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர்.

கறுப்பு வார் செருப்பு, குதிகால் தேய்ந்தது. வயதான அம்மாள். வாத்தியாரம்மா என்று நடையே சொன்னது.

குழந்தைவேலு. மாட்டுத்தோல் செருப்பு, அறுந்த வாருக்கு ஊக்கு.

முகங்களும் வந்திருந்தன. குழந்தைவேலு அவற்றைக் கவனிக்கவில்லை. அவன் படகுத்துறையில் ராத்திரிக் கணக்கன். கப்பலிலிருந்து இறங்கும் பலகைக்கு அடியில், தரையில் வைத்த அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்து, இறங்குகிற ஆட்களை எண்ணுவது அவன் வேலை. விளக்கு வெளிச்சம் முழங்காலோடு நின்றுவிடும். அதற்கு மேலே இருட்டு. கால்களை எண்ணி இரண்டால் வகுத்தால் ஆள் கணக்கு. ஒரு தடவையும் பிசகியதில்லை. ஆனால் அந்தக் கால்களின் சொந்தக்காரர்கள் பகலில் எதிரே வந்து நின்றால் அவனுக்கு அடையாளம் தெரியாது. அதிலும் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் அவனுக்கு வேகவைத்து உரித்த ஒரே கிழங்குதான்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, ஆபீஸ் பெரியவரான டன்ஸ்டன் துரையையே வழிமறித்து, "பாஸ் எங்கே?" என்று கேட்டுவிட்டான். துரை அன்றைக்கு டென்னிஸ் ஆடிவிட்டு கான்வாஸ் செருப்போடு வந்திருந்தார். துறைமுகமே அவன் கதை முடிந்தது என்று நினைத்தது. துரை அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்னைத் தெரியவில்லையா?" என்றார். "பூட்ஸ் போட்டு வந்தா தெரியுங்க" என்றான். துரை சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதே துரைதான் முந்தாநாள் அவனைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்.

உலகம் சுற்றும் உல்லாசக் கப்பல் ஒன்று வருகிறது. கீழே ஆற்று முகத்தில் நங்கூரம் போடும். ஆட்களை லாஞ்ச்சில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவருவார்கள். ஆபீஸ் மோட்டாரில் போகிறவர்களுக்கு ஏரி, மரம் தூக்கும் யானை, கிளப்பில் சாப்பாடு. பகோடாவைத் தெருவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். படியேற வேண்டுமானால் காலணியைக் கழற்ற வேண்டும். பர்மாக்காரர்கள் அதில் ஒரே பிடியாக இருந்தார்கள். இந்த ஊர் வெள்ளைக்காரர்களும் ஒரே பிடியாக இருந்தார்கள். அதனால் ரங்கூன் வெள்ளைக்காரர் ஒருவரும் பகோடா மேலே ஏறுவதில்லை. நாலு பயணிகள் மட்டும், மோட்டார் வேண்டாம், நாங்களே போய்க்கொள்கிறோம், வழிகாட்ட ஒரு ஆள் கொடுங்கள் என்று எழுதிவிட்டார்களாம்.

"மூணு மணி லாஞ்ச். நாலு பேர் இறங்கினால் நாலு பேர் ஏற வேண்டும்" என்றார் துரை. "ஒருத்தர் குறைந்தாலும் உனக்கு வேலை இல்லை."

"சரிங்க. நாலு பேரும் ஏறிட்டா?"

"என்ன வேண்டும்?"

"பகல் வேலைங்க."

துரை தலையை எப்படியோ ஆட்டினார். குழந்தைவேலு அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

பகல் வேலைக்கு அவன் உயிரை விடுவதற்குக் காரணம் இருந்தது. அவன் மனைவி ரத்தினம்மாளுக்குப் பசுந்தாங் பேட்டை அரிசி ஆலையில் வேலை. அவள் புறப்படும்போது இவன் வந்து சேர்வான். இவன் புறப்படும்போது அவள் வந்து சேர்வாள். கல்யாணமாகி ஆறு வருஷம், வாசற்படியில்தான் குடித்தனம். "சோறு மூடி வச்சிருக்கேன்" என்பதும் "சாவி ஆணியில இருக்கு" என்பதும்தான் அவர்கள் பேசிக்கொண்ட அந்தரங்கம். ராத்திரி வேலை ஆளைக் கொல்வதில்லை. அவன் இருக்கிறான் என்பதை மற்றவர்களுக்கு மறக்கடித்துவிடும்.

ஆக, படிக்கட்டுக்குக் கீழே நாலு ஜோடிக் காலணி. இவற்றை எங்கே வைப்பது?

குழந்தைவேலு ரங்கூன் காளியம்மன் கோயில் வாசலில் இரண்டு தடவை செருப்பைப் பறிகொடுத்தவன். அதிலிருந்து அவனுக்கு ஒரு வழக்கம். வலது செருப்பை ஒரு மூலையில் விடுவான், இடது செருப்பை இன்னொரு மூலையில் விடுவான். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடனும் தொடமாட்டான். சொந்தச் செருப்புக்கே இவ்வளவு என்றால், வெள்ளைக்காரன் காலணிக்கு மூலை போதாது, வாசலே வேறாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தான்.

வலது கால் நாலையும் தெற்கு வாசலில் பூ விற்கும் மா தெய்னிடம் கொடுத்தான். இடது கால் நாலையும் சாக்கில் போட்டான். கிழக்கு வாசலில் அவன் சிநேகிதன் பீர் முகைதீனுக்குக் குடைக் கடை.

மா தெய்ன் கூடைக்குக் கீழே இடம் ஒதுக்கினாள். அங்கே ஏற்கெனவே ஒரு ஜோடி இருந்தது. வெள்ளைத் தோல், உயர்ந்த குதிகால், முனையில் சிவப்புக் குஞ்சம். குழந்தைவேலுவின் கை தானாக நெற்றிக்குப் போனது.

"யாருக்கு சலாம், கோ வேலு?" என்றாள் மா தெய்ன். கோ என்றால் அவள் பாஷையில் அண்ணன். இருபது வருஷம் தமிழ்க் கூலிகளுக்குப் பூ விற்றவள். நன்றாகவே பேசுவாள்.

"எங்க துரைசானிக்கு இதே மாதிரி ஒண்ணு இருக்கு. பாத்துப் பாத்துக் கை பழகிப்போச்சு."

"பூட்டிவெச்ச பங்களாக்காரி. அவ எங்க இங்க வரப்போறா."

"அதான். அவங்கல்லாம் மேல ஏறமாட்டாங்க. கடையில இது மாதிரி ஆயிரம் விக்கும்."

பயணிகளைப் பார்த்து, "நீங்கள் ஏறிக்கொண்டே இருங்கள், நான் வந்துவிடுகிறேன்" என்றான்.

"அவசரமே இல்லை. நாங்களே சுற்றிப் பார்த்துக்கொள்கிறோம். நீ கீழேயே இரு" என்றார் பழுப்பு பூட்ஸ். சொல்லும்போது அவர் பூட்ஸ் போட்டிருக்கவில்லை. அதனால் யார் சொன்னது என்று குழந்தைவேலுவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பைப்பை வைத்துக் கண்டுபிடித்தான்.

பீர் முகைதீன் சாக்கைத் திறந்து பார்த்தான்.

"என்னடா வேலு, ஒத்தைக் கால் ஆளுங்களா எல்லாரும்?"

"மத்தது மா தெய்ன்கிட்ட இருக்கு பாய். பத்திரம்."

"பத்திரத்துக்கென்ன. குடை மூட்டைக்குப் பின்னால போட்டுடறேன். ஷைத்தான் வந்தாலும் கிடைக்காது."

குழந்தைவேலு நிம்மதியாகத் தெற்கு வாசலுக்குத் திரும்பி வெற்றிலை போட்டான். உச்சி வெயில் வந்தது. படியில் வெறுங்கால்கள் இறங்கி வந்தன. எண்ணினான். ஆறு கால்.

வகுத்தான். மூன்று பேர்.

"யார் குறையுது?" என்றான்.

"எனக்குத் தெரியாது" என்றார் தடித்தவர். அவர் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குழந்தைவேலு கூடைக்குக் கீழிருந்து வலது காலணிகளை எடுத்து ஒவ்வொருவர் காலிலும் மாட்டிப் பார்த்தான். பழுப்பு பூட்ஸ் போட்டதும் பழுப்பு பூட்ஸ் வந்துவிட்டார். கறுப்பு-வெள்ளை வந்துவிட்டார். கறுப்பு வாரம்மாளும் வந்துவிட்டார். சாம்பல் நிறப் பட்டன் காலணி மட்டும் கையில் மிஞ்சியது.

"உங்க சம்சாரமில்ல காணோம்!" என்றான்.

பழுப்பு பூட்ஸ் பைப்பைத் தட்டினார். "வருவாள்."

"மூணு மணி லாஞ்ச்சுங்க!"

"நீ போய்ப் பார். கிடைப்பாள்."

மனைவியைத் தொலைத்த ஒரு மனிதன் இவ்வளவு அமைதியாக இருப்பதைக் குழந்தைவேலு அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளைக்காரர்களுக்கு ரத்தம் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டு, ஒற்றைக் காலணியை ஏந்தியபடி படியேறினான்.

மேலே சலவைக்கல் தரை அடுப்பாகக் கொதித்தது. பர்மாக்காரர்கள் பாய் விரித்த நிழல் பாதையில் நடந்தார்கள். குழந்தைவேலு எல்லார் காலையும் பார்த்துக்கொண்டே சுற்றினான். பழுப்புக் கால், கறுப்புக் கால், துவராடைக்குக் கீழே பிக்குகளின் கால். மேற்குப் பக்கம் ஒரு மண்டபத் தூணுக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக் கால்கள் தெரிந்தன. தலையில் பெரிய தொப்பி, முகத்தில் வலை. யாருக்கோ காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

ரங்கூன் வெள்ளைக்காரி எவளும் இங்கே காலணியைக் கழற்றமாட்டாள். ஆகவே இவள் கப்பல்காரி. கப்பல்காரிகளில் காணாமல் போனவள் ஒருத்திதான். ஆகவே இவள் அவள். குழந்தைவேலுவுக்குத் தன் புத்தியை நினைத்தே பெருமையாக இருந்தது.

இருந்தாலும் கணக்கன். சரிபார்க்காமல் விடமாட்டான். காலணியை அவள் முன்னால் வைத்தான். அவள் காலணியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு ஒன்றும் பேசாமல் காலை உள்ளே விட்டாள். கொஞ்சம் இறுக்கம். வெயிலில் நடந்தால் கால் வீங்கத்தான் செய்யும்.

"போகலாமா, மேடம்?"

காலணியைக் கழற்றி அவனிடமே கொடுத்துவிட்டு, எழுந்து அவனுக்கு முன்னால் நடந்தாள். அவ்வளவு வேகமாக நடந்ததில் அவன்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

கீழே பழுப்பு பூட்ஸ் தொப்பியை எடுத்தார். அவள் இரண்டு கையையும் நீட்டினாள். அவர் இரண்டையும் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"கொஞ்ச நேரம் காணாம போனதுக்கே இப்படி உருகறாங்களே" என்றான் குழந்தைவேலு.

"உன் பொஞ்சாதி காணாம போனா?" என்றாள் மா தெய்ன்.

"தெரிஞ்சுக்கவே மறுநாள் ஆகும்."

கறுப்பு வாரம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "காலையெல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை?"

"பக்திங்க" என்றான் குழந்தைவேலு. "மேல போய் வந்தா எல்லாருக்கும் அப்படித்தான்."

"கொஞ்சம் உயரமாகவும் தெரிகிறாள்" என்றார் தடித்தவர்.

"நீங்க உக்காந்திருக்கீங்க. அதான்."

பழுப்பு பூட்ஸுக்கு இருமல் வந்தது.

சரி. நாலு பேர் சேர்ந்தாயிற்று. இனி இடது கால்கள். குழந்தைவேலு கிழக்கு வாசலுக்கு ஓடினான். குடைக் கடை பூட்டியிருந்தது. பூட்டு அவன் கைமுட்டி அளவு இருந்தது.

வெள்ளிக்கிழமை. பீர் முகைதீன் ஜும்மாவுக்குப் போயிருந்தான்.

பள்ளிவாசலுக்கு ஓடினான். உள்ளே வரிசை வரிசையாக முதுகுகள் குனிந்திருந்தன. அந்த நேரத்தில் கூப்பிட முடியாது. வாசலில் நூறு ஜோடிச் செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. ஒருவரும் பிரித்து வைக்கவில்லை, ஒன்றும் திருடு போகவும் இல்லை. அதைப் பார்த்தபோது குழந்தைவேலுவுக்கு முதல் தடவையாகத் தன் வழக்கத்தின்மேல் சந்தேகம் வந்தது.

அங்கே அத்தர் விற்ற அமீர் அலி என்பவனிடம், "பீர் முகைதீன் வெளிய வந்தா சாக்கை எடுத்துக்கிட்டு நேரா படகுத்துறைக்கு ஓடிவரச் சொல்லு" என்றான்.

"எந்தச் சாக்கு?"

"ஒத்தைக் கால் சாக்குன்னு சொல்லு. தெரியும்."

அமீர் அலி அவனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

திரும்பி வந்தால் புதுச் சிக்கல். தார் ரோடு உருகிக் கிடந்தது. இடது காலை ஊன்றினால் கொப்பளம். மா தெய்னின் பக்கத்துக் கடையில் பர்மியச் செருப்பு விற்றார்கள், வெல்வெட் வார் வைத்தது.

"இடது கால் மட்டும் நாலு கொடுங்க. சாயங்காலம் திருப்பித் தரேன்" என்றான்.

கடைக்காரி மா தெய்னிடம் பர்மிய மொழியில் என்னவோ கேட்டாள்.

"என்ன சொல்றா?"

"இந்த ஆளுக்கு வெயில் தலைக்கேறிடுச்சான்னு கேக்கறா. நான் ஆமான்னேன். பைத்தியத்துக்குக் கொடுத்தா புண்ணியம். எடுத்துக்கோ."

அப்படியாக நாலு வெள்ளைக்காரர்கள், வலது காலில் சீமைத் தோல், இடது காலில் சிவப்பு வெல்வெட், குதிரைவண்டியில் ஏறினார்கள். ஒரு கால் உயரம், ஒரு கால் தாழ்வு; நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் முடக்குவாதம் வந்ததுபோல நடந்தார்கள். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்கா?" என்றான்.

"படகுத்துறைக்கு. விரட்டு."

வண்டி விரட்டியதில் தடித்தவருக்குக் கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. பழுப்பு பூட்ஸும் அவர் மனைவியும் மட்டும் வண்டியில் வேறு யாருமே இல்லாததுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

படகுத்துறையில் லாஞ்ச் புகை விட்டுக்கொண்டிருந்தது. ஏறும் பலகைக்கு முன்னால் கப்பல் அதிகாரி ஒருவர், வெள்ளைக் காலணி, கறுப்பு அடி. நாலு பேரின் காலையும் பார்த்தார்.

"என்ன இது?"

"வேண்டுதல்ங்க" என்றான் குழந்தைவேலு.

அதிகாரிக்கு வேண்டுதல் புரியவில்லை. பழுப்பு பூட்ஸ் நாலு பேரின் கப்பல் வில்லைகளையும் தன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, வலை போட்ட பெண்ணின் முன்னால் நின்றார்.

"காலையில் இறங்கியது இந்த அம்மாள்தானா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார் கறுப்பு வாரம்மாள்.

குழந்தைவேலு அவசரமாகக் கணக்குப் போட்டான். இங்கே ஒருத்தியை நிறுத்திவிட்டால் மூன்று பேர். மூன்று பேர் என்றால் வேலையே போச்சு. ரத்தினம்மாளோடு வாசற்படிக் குடித்தனம்கூட மிஞ்சாது.

"எங்க முனியாண்டி மேல சத்தியமா இந்த அம்மாதான்!" என்றான். "ராத்திரி பகலா இந்தத் துறையில ஆள் எண்ணுறவன் நான். என் கணக்கு பிசகினதுன்னு ஒருத்தனைச் சொல்லச் சொல்லுங்க. காலையில சாம்பல் பட்டன் காலணி. இப்பவும் பாருங்க, அதே காலணி!"

"ஒன்றுதான் இருக்கிறது."

"இன்னொண்ணு வந்துக்கிட்டே இருக்கு!"

வந்துகொண்டேதான் இருந்தது. ரோட்டு முனையில் பீர் முகைதீன், தொப்பி நழுவ, தோளில் சாக்கோடு ஓடிவந்தான். வந்ததும் சாக்கைக் கவிழ்த்தான். நாலு இடது காலணிகளோடு ஒரு குடையும் விழுந்தது.

"தொழுகையில நின்னாலும் நினைப்பு ஒத்தைக் கால்லயே இருந்துச்சுடா, பாவி" என்றான் மூச்சு வாங்க.

குழந்தைவேலு சாம்பல் நிற இடது காலணியை எடுத்து அந்தப் பெண்ணின் காலடியில் மண்டியிட்டான். அவள் காலை நீட்டினாள். அவன் அழுத்தினான். அவள் பல்லைக் கடித்தாள். அவன் இன்னும் அழுத்தினான். கால் உள்ளே போனது.

"பாத்துக்கங்க!" என்று அதிகாரியிடம் நிமிர்ந்தான். "அளவெடுத்துத் தெச்ச மாதிரி!"

அதிகாரி தோளைக் குலுக்கி வழிவிட்டார். நாலு பேரும் ஏறினார்கள். எட்டுக் கால். குழந்தைவேலு வகுத்தான். நாலு பேர். லாஞ்ச் ஆற்றில் நழுவியது. வலைக்காரி அவனைப் பார்த்துக் கையசைத்தாள். அவன் வாழ்க்கையில் ஒரு வெள்ளைக்காரி அவனுக்குக் கையசைத்தது அதுதான் முதல் தடவை. அவன் பதிலுக்கு அவள் காலணிக்கு சலாம் வைத்தான்.

"என்னா, பகல் வேலை கிடைச்சிடுமா?" என்றான் பீர் முகைதீன்.

"கிடைச்ச மாதிரிதான் பாய்."

"பகல்ல பொஞ்சாதியப் பாத்தா அடையாளம் தெரியுமா உனக்கு?"

"மெட்டி பாத்துக் கண்டுபிடிச்சுடுவேன்" என்றான் குழந்தைவேலு. அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் வெல்வெட் செருப்புகளைத் திருப்பிக் கொடுக்கப் பகோடாவுக்குப் போனான். பீர் முகைதீன் மறந்துவிட்டுப் போன குடையும் கையில் இருந்தது. மா தெய்ன் கடையில் ஒரு வெள்ளைக்காரி முக்காலியில் உட்கார்ந்து, மொஹிங்கா மீன்சாற்றைக் கடைசிச் சொட்டு வரை குடித்துக்கொண்டிருந்தாள். காலில் சிவப்புக் குஞ்சம் வைத்த வெள்ளைக் காலணி.

குழந்தைவேலு விறைத்து நின்று சலாம் போட்டான். சந்தேகமே இல்லை. கடையில் ஆயிரம் விற்கட்டும். இந்தக் குஞ்சத்துக்கு மேலே வெள்ளைக் கணுக்கால் இருக்கிறது. துரைசானியேதான். யாருக்கும் தெரியாமல் பகோடா பார்க்க வந்திருக்கிறாள்! ஊர் வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்தால் கிளப்பில் சேர்க்கமாட்டார்கள்.

"டன்ஸ்டன் பங்களாவுக்கு வழி தெரியுமா?" என்றாள் அவள்.

தன் வீட்டுக்கே வழி கேட்கிறாள் என்றால் துரைசானி எப்போதும் வண்டியில் போகிறவள் என்று அர்த்தம். குழந்தைவேலுவுக்கு அதுவும் சரியாகவே பட்டது.

"நானே கூட்டிப் போறேங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"நல்லது" என்று சிரித்தாள் அவள்.

வண்டி பிடித்தான். வழியெல்லாம் பெருமாட்டிமேல் வெயில் படாமல் பின்னால் தொங்கிக்கொண்டு பீர் முகைதீனின் குடையைப் பிடித்தான். ஒரே நாளில் துரையின் விருந்தாளிகளையும் ஏற்றி அனுப்பி, துரைசானியையும் காப்பாற்றியாயிற்று. பகல் வேலை என்ன, பகல் வேலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்தான்.

பங்களா வாசலில் டன்ஸ்டன் துரையே நின்றிருந்தார். இன்றைக்குப் பூட்ஸ் போட்டிருந்தார், அடையாளத்தில் குழப்பமில்லை.

"நாலு பேரும் ஏறிட்டாங்களா?"

"நாலு பேரும் ஏறிட்டாங்க துரை. எண்ணி அனுப்பினேன்."

"நாலாவது ஆள், அந்த அம்மாளும்?"

"நானே காலணி மாட்டிவிட்டேன் துரை."

துரை அவன் தோளைத் தட்டினார். துரைசானி வண்டியிலிருந்து குதித்து இறங்கி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காலையில் பிரிந்து சாயங்காலம் சேர்ந்ததற்கு இவ்வளவா என்று குழந்தைவேலு மண்ணைப் பார்த்தான். இன்றைக்கு வெள்ளைக்காரர்களுக்கு என்னவோ ஆகிவிட்டது. அவர்கள் உள்ளே போனார்கள்.

குழந்தைவேலு சமையற்கட்டுப் பக்கம் போனான். பட்லர் இராமையா படியில் உட்கார்ந்து வெள்ளிக் கரண்டி துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, துரைசானியப் பத்திரமா கொண்டாந்து சேத்துட்டேன். துரைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லி, பகல் வேலைய நாளைக்கே..."

இராமையா கரண்டியைக் கீழே வைத்தான்.

"யாரைக் கொண்டாந்த?"

"துரைசானிய. சிவப்புக் குஞ்சம்."

"அந்தக் காலணியப் போட்டுக்கிட்டுத்தான் துரைசானி காலையில இங்கிருந்து போனாங்க. ஆளு வேறப்பா. இது பைப் பிடிக்கற அந்தக் கொழும்புத் தேயிலைத் தோட்டத் துரை சம்சாரம். போன கோடையில மேம்யோ மலை பங்களாவுல ரெண்டு ஜோடியும் ஒண்ணா சீட்டாடினாங்க. நான்தான் காபி ஊத்தினேன். அப்பவே யாரு யாரைப் பாத்து சீட்டு எறிஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும்."

குழந்தைவேலு குடையை ஊன்றிக்கொண்டான். காலையில் எட்டுக் கால். மத்தியானம் எட்டுக் கால். எங்கும் பிசகில்லை.

"அப்ப... நான் ஏத்தி அனுப்பினது?"

"சத்தியம் வேற பண்ணியாமே. இப்ப லாஞ்ச்சுல வந்த ஆள் சொல்லிட்டுப் போறான்."

"துரைக்குத் தெரியுமா அண்ணே?"

இராமையா கரண்டிகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்தான். உள்ளே துரை சிரிக்கும் சத்தம் கேட்டது.

"சரி, போகட்டும்" என்றான் குழந்தைவேலு. "அவங்க குடும்பம், அவங்க பாடு. நாலு பேர்னாரு, நாலு பேரை ஏத்தினேன். எனக்குப் பகல் வேலை உண்டா இல்லையா?"

இராமையா கதவுக்குள் நின்று அவனைப் பார்த்தான்.

"ஆயிரம் பேர் வேலை பாக்கற துறைமுகத்துல, மூஞ்சியப் பாக்காத ஆளு நீ ஒருத்தன்தான்னு போன மழைக்காலமே துரை கண்டுபிடிச்சு வச்சுட்டாருடா; அடுத்த வருஷமும் அந்தக் கப்பல் வருது, உன்னை எப்படிப் பகல் வெளிச்சத்துல விடுவாரு?"

கதவைச் சாத்தி உள்ளேயிருந்து பூட்டினான்.